ஈரக்கால் பூதத்துக்கு ஒரு தட்டு

திருப்புலிவனம்
4-11-1979

அன்புள்ள ஜெயாவுக்கு,

முதலில் நல்ல செய்தி. சென்னையிலிருந்து பதிப்பாளர் கிருஷ்ணசாமி சார் கடிதம் போட்டிருக்கிறார். நாம் அனுப்பிய எட்டு அத்தியாயங்களையும் படித்துவிட்டாராம். பொங்கல் முடிந்ததும் முழுக்கதையும் கைக்கு வந்துவிட்டால் கோடை விடுமுறைக்குள் புத்தகமாகப் போட்டுவிடுவாராம். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "பூதம் கதைக்கா புஸ்தகம் போடறாங்க? அவுங்களுக்கு வேற வேலையே இல்லியா?" என்றார்கள். ஆனாலும் கொஞ்ச நேரம் கழித்து, பக்கத்து வீட்டு சொக்கம்மாளிடம் அவர்களே போய்ப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.

ஒரே கதையை இரண்டு பேர் எப்படி எழுதுகிறீர்கள், ஒட்டுப் போட்டதே தெரியவில்லையே என்றும் கேட்டிருக்கிறார். உள்ளதைச் சொல்லிப் பதில் போட்டுவிட்டேன். ஆசிரியப் பயிற்சிப் பள்ளி விடுதியில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுத்துக்கொண்டு ஆரம்பித்த கதை சார், மந்திரக்காரப் பையன் தாண்டவராயன் பேசும் அத்தியாயமெல்லாம் நான், அவன் மாவுக்கோலம் போட்டு ஏரியிலிருந்து வரவழைத்த பூதம் பேசும் அத்தியாயமெல்லாம் ஜெயம்மாள், அவள் இப்போது திருப்புட்குழியில் டீச்சர், நான் வேலைக்கு உத்தரவு வரும் வரும் என்று வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன், இப்போது தபாலில்தான் கதை நடக்கிறது என்று. அவருக்குப் பூதத்தைத்தான் ரொம்பப் பிடித்திருக்கிறது. எருமையாக மாறினாலும் குடையாக மாறினாலும் போகிற இடமெல்லாம் ஈரக் காலடி விழுகிறதே, அதைப் படித்து ஆபீசில் வாய்விட்டுச் சிரித்தாராம். எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

இத்துடன் ஒன்பதாம் அத்தியாயம் வைத்திருக்கிறேன். பூதம் பட்டினி கிடப்பது தெரிந்து தாண்டவராயன் தனக்கு வைத்திருந்த சோற்றை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போகிறான். அதை வாழையடியில் உட்கார வைத்து, இலை போட்டுப் பரிமாறுகிறான். விக்கல் எடுத்ததும் சொம்பைத் தூக்கிப் பிடித்துத் தண்ணீர் ஊற்றுகிறான், அது இரண்டு கையையும் குவித்து வாங்கிக் குடிக்கிறது. "நீயும் என்னை மாதிரி யாருமில்லாதவன்தானே" என்கிறான். எழுதும்போதே அழுதுவிட்டேன். வழக்கம்போல உன் வகுப்பில் வாசித்துக் காட்டி, யார் யார் அழுதார்கள் என்று எழுது. பத்தாவது பூதத்தின் முறை. சீக்கிரம் அனுப்பு.

அன்புடன்,
ஆதிலட்சுமி


திருப்புலிவனம்
25-11-1979

ஏண்டி ஜெயா,

இருக்கிறாயா, இல்லை உன்னையும் யாராவது மாவுக்கோலம் போட்டு இழுத்துக்கொண்டு போய்விட்டார்களா? ஜுரமா? பள்ளிக்கூடத்தில் ஏதாவது தொல்லையா? தபால்காரரைக் கண்டால் போதும், நிறுத்திக் கேட்கிறேன். "ஒனக்கு வந்தா குடுக்காம நானா வெச்சிக்கினு படிக்கப் போறேன்?" என்று எரிந்து விழுகிறார்.

இங்கே விடாத மழை. ஏரி நிரம்பிக் கலங்கல் வழிகிறது. உன் பூதம் இதைப் பார்த்தால் என்ன சொல்லும் என்று யோசித்துக்கொண்டே கரையில் நடந்தேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அது உன் தலையில்தான் குடியிருக்கிறது. பத்தாவது இல்லாமல் என்னால் பதினொன்று எழுத முடியாது. பொங்கல் நெருங்கிக்கொண்டே வருகிறது. புத்தகம் கைக்கு வந்தது போல இருக்கும்போது இப்படிப் பேசாமல் இருந்தால் எப்படி?

ஒரு வரியாவது எழுது.

ஆதி


திருப்புட்குழி
29-11-1979

அன்புள்ள ஆதி,

ஜுரம் இல்லை. எழுத உட்காருவதும் எழுந்துவிடுவதுமாகவே இருந்தேன்.

ஒன்பதாவதை ஐந்தாம் வகுப்பில் வாசித்தேன். நீ கேட்டபடி சொல்கிறேன், இரண்டு பெண்கள் அழுதார்கள். கேள்விகளுக்கும் குறைவில்லை. "டீச்சர், பூதத்துக்குப் பசிச்சா மீனு புடிச்சித் துன்னக் கூடாதா? ஏரிலதான கீது?" "டீச்சர், அது குடையா இருக்கும்போது மழ பேஞ்சா அதுக்கு ஜொரம் வருமா?" இப்படி எல்லாம் கேட்டார்கள். ஒன்றை மட்டும் யாருமே கேட்கவில்லை. அவ்வளவு பெரிய வீடு, அதில் பையன் ஒருத்தன்தான் இருக்கிறான். பூதம் ஏன் கொல்லையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும்? சொம்பை அதன் கையில் கொடுத்தால் என்ன? ஊர்த்தெருப் பிள்ளைகளும் கேட்கவில்லை, காலனியிலிருந்து வருகிற எங்கள் பிள்ளைகளும் கேட்கவில்லை. இரண்டு பக்கத்துக்கும் அது தெரிந்த விஷயமாகவே இருந்தது. தாள்களை மடித்து வைத்துவிட்டுக் கணக்குப் பாடம் எடுத்தேன்.

ஆதி, நாம் படித்துக்கொண்டிருந்தபோது ஊர்த் திருவிழாவுக்கு என்னை உங்கள் வீட்டுக்குக் கூட்டிப் போனாயே. உன் அம்மா நல்ல மனசோடுதான் சோறு போட்டார்கள். மாட்டுக்கொட்டகைப் பக்கம், வாழையடியில், இலை போட்டு. தண்ணீர் ஊற்றியது நீ. நான் கையைக் குவித்துக் குடித்தேன். நனைந்த ரவிக்கைக் கை பஸ்ஸில்தான் காய்ந்தது. அதை நீ அப்படியே எழுதியிருக்கிறாய். படித்ததும் கோபம் வந்தது. அப்புறம் யோசித்தேன். உனக்கு அந்த நாள் ஞாபகமே இல்லை. அன்பு காட்டுகிற இடம் ஒன்று எழுத வேண்டுமென்றால் உன் கைக்கு அதுதான் வருகிறது. இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அந்த அத்தியாயத்தை மாற்றி எழுது. மாற்றினால் பத்தாவது அனுப்புகிறேன்.

ஜெயா


திருப்புலிவனம்
3-12-1979

ஜெயா,

உன் கடிதம் படித்ததிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. விடுதியில் உன் தட்டிலிருந்து முட்டையை எடுத்துத் தின்றவள் நான். நீ காய்ச்சலில் கிடந்தபோது உன் தலைமாட்டிலேயே படுத்திருந்தவள் நான். அதெல்லாம் எங்கே போயிற்று? ஒரு நாள் ஒரு வேளைச் சோறு மட்டும் எப்படி இவ்வளவு சுத்தமாக ஞாபகத்தில் நிற்கிறது? அம்மா அந்தக் காலத்து மனுஷி. அவர்களை மாற்ற என்னால் ஆகுமா?

அதை விடு. இது கதை. பூதத்துக்கு ஏது ஊர்த்தெரு, ஏது காலனி? பாதி நாள் அது எருமையாக வந்து நிற்கிறது. எருமையைக் கூடத்திலா கொண்டுவந்து கட்டுவார்கள்? ஒரு குழந்தைகூடக் கேட்கவில்லை என்று நீயே சொல்கிறாய். கேட்காததை நாம் ஏன் கிளற வேண்டும்? மாற்றியதைப் படித்துவிட்டுக் கிருஷ்ணசாமி சார் வேண்டாமென்று திருப்பி அனுப்பிவிட்டால் இத்தனை நாள் பாடும் வீண்தானே? ஒன்பதாவது அப்படியே இருக்கட்டும். நீ பத்தாவதை அனுப்பு.

ஆதி


திருப்புட்குழி
8-12-1979

செல்வி ஆதிலட்சுமி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. எருமையைக் கூடத்தில் கட்ட மாட்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் அது வாய் வைத்த தொட்டியை யாரும் கழுவிக் கவிழ்ப்பதில்லை என்பதையும் தாங்கள் பார்த்திருப்பீர்கள்.

பூதம் பேசும் அத்தியாயங்களை இனித் தாங்களே எழுதிக்கொள்ளலாம். இதுவரை நான் எழுதியதையும் வைத்துக்கொள்ளுங்கள். அட்டையில் தங்கள் பெயர் மட்டும் போதும் என்று பதிப்பாளருக்குத் தெரிவித்துவிடுங்கள். அரையாண்டுத் தேர்வு வேலை இருக்கிறது. இனிக் கடிதம் எழுத நேரம் கிடைக்காது.

இப்படிக்கு,
பா. ஜெயம்மாள்


திருப்புலிவனம்
27-12-1979

அன்புள்ள ஜெயா,

தாங்கள், அவர்கள் என்று எழுதி என்னைக் கொல்லாதே. நேரில் வந்து நாலு அறை விட்டிருந்தாலும் தேவலை.

பூதத்தை நானே பேச வைத்துப் பார்த்தேன். வீம்புக்குத்தான். தாண்டவராயன் "அந்தப் பாறையைத் தூக்கு" என்றால் என் பூதம் "சரிங்க" என்கிறது. "பாம்பாக மாறு" என்றால் "ஆகட்டுங்க" என்கிறது. ஒரு நக்கல் கிடையாது, ஒரு முனகல் கிடையாது. எழுதியதை உரக்கப் படித்துப் பார்த்தேன். எங்கள் நிலத்துக்கு வேலைக்கு வரும் முனிரத்தினம், வரதன் அண்ணனிடம் பேசுவது போலவே இருந்தது. அவருக்கு எங்கள் அப்பா வயது இருக்கும். அண்ணன் அவரை வாடா போடா என்றுதான் கூப்பிடுகிறான். இத்தனை வருஷம் அது என் காதில் விழுந்ததே இல்லை. இப்போது ஒவ்வொரு தடவையும் விழுகிறது.

சரி, ஒன்பதாவதையாவது திருத்தலாம் என்று உட்கார்ந்தேன். தாண்டவராயன் பூதத்தை வீட்டுக்குள் கூப்பிடுகிறான். வாசற்படி தாண்டியாயிற்று. கூடத்தில் உட்கார வைக்க வேண்டும். பேனா நகரவில்லை. யாராவது பார்த்துவிட்டால் என்ன செய்வது என்று பயமாக இருக்கிறது. யார் பார்ப்பார்கள்? அந்தப் பையனின் அம்மாவை முதல் பக்கத்திலேயே நான்தான் சாகடித்தேன். அப்படியிருந்தும் அடுப்படியிலிருந்து யாரோ இருமுவது போலவே இருந்தது. ஒரு வாரம் அந்த இருமலோடு மல்லுக்கட்டினேன் ஜெயா. கடைசியில் எப்படியோ பூதம் கூடத்தில் உட்கார்ந்துவிட்டது. தட்டு வைத்துவிட்டேன். சொம்பைக் கையிலேயே கொடுத்துவிட்டேன். இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

நீ எங்கள் வீட்டுக்கு வந்த நாளும் ஞாபகம் வந்துவிட்டது. நீ போதும் என்று தலையாட்டினாய். நான் இன்னும் குடி, இன்னும் குடி என்று ஊற்றிக்கொண்டே இருந்தேன். மன்னித்துவிடு என்று ஒரு வார்த்தையில் எழுதினால் ரொம்ப மலிவாகப் போய்விடும். ஆனாலும் எனக்கு வேறு வார்த்தை தெரியவில்லை.

கடைசி அத்தியாயத்துக்கு ஒரு யோசனை வைத்திருக்கிறேன். புயலில் ஏரிக்கரை உடைகிறது. பூதம் தானே போய் உடைப்பில் படுத்துக் கல்லாகி ஊரைக் காப்பாற்றுகிறது. ஊரார் வருஷா வருஷம் அதற்குப் பொங்கல் வைத்துக் கும்பிடுகிறார்கள். எப்படி இருக்கிறது? திட்டுவதற்காவது எழுது.

உன்,
ஆதி


திருப்புட்குழி
7-1-1980

ஆதி,

திட்டத்தான் எழுதுகிறேன்.

அதற்கு முன்னால் ஒன்று. தேர்தல் வேலைக்குப் போட்டிருந்தார்கள். ஓட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உன் கடிதத்தைத் திரும்ப ஒரு தடவை படித்தேன். அடுப்படி இருமல் வந்த இடத்தில் சிரித்துவிட்டேன். கட்சி ஏஜெண்டுகள் எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

புது ஒன்பதாவதை வகுப்பில் வாசித்தேன். பூதம் கூடத்துக்குள் வந்ததும் ஒரு பெண் எழுந்து, "டீச்சர், ஈரக் காலோட உள்ள வந்தா கூடமெல்லாம் சேறாவுமே, யாரு தொடைப்பாங்க?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து ஒருத்தன், "அந்தப் பையனே தொடைக்கட்டும், அவன்தான கூப்ட்டான்" என்றான். இதைக் கேட்கத்தான் நான் காத்திருந்தேன் போலிருக்கிறது. அன்றைக்குக் கணக்குப் பாடம் எடுக்கவில்லை. சொன்னபடி பத்தாவதை இத்துடன் வைத்திருக்கிறேன்.

இப்போது திட்டு. பூதத்தைக் கல்லாக்காதே. இந்தப் பக்கத்துக் கரைகளில் அப்படி ஏற்கெனவே நிறைய சாமிகள் நிற்கின்றன. உயிரோடு இருந்தபோது ஒருவரும் வீட்டுக்குள் விடவில்லை, செத்த பிறகு பொங்கல் வைக்கிறார்கள். இன்னொரு சாமி வேண்டாம்.

என் பக்கமும் ஒரு குறை இருக்கிறது. என் பூதம் வாய் ஓயாமல் நக்கலடிக்கிறது. ஆனால் சொன்ன வேலையையெல்லாம் செய்துவிடுகிறது. ஒரு தடவையாவது முடியாது என்று சொல்லியிருக்கிறதா? எல்லோரும் சிரித்தார்கள், எனக்கும் அதுவே போதுமென்று இருந்துவிட்டது. அதனால் இப்படிச் செய். கரை உடையப் போகிற நேரத்தில் தாண்டவராயன் முதலில் மந்திரக்கட்டை அவிழ்க்கட்டும். அவிழ்த்த பிறகு உதவி கேட்கட்டும். அது என்ன பதில் சொல்லும் என்று எனக்கே தெரியவில்லை. நீ அவிழ்க்கிற இடம்வரை எழுதி அனுப்பு, பார்க்கலாம்.

ஜெயா


திருப்புலிவனம்
9-1-1980

அன்புள்ள ஜெயா,

அவிழ்த்துவிட்டேன். கொட்டுகிற மழையில் தாண்டவராயன் மாவுக்கோலத்தைக் காலால் அழிக்கிறான். பூதம் திரும்பிக்கூடப் பார்க்காமல் தண்ணீருக்குள் போய்விடுகிறது. கரையில் நின்று கூப்பிடப் பார்க்கிறான். வாடா என்று இனிமேல் கூப்பிட முடியாது. பெயர் சொல்லிக் கூப்பிடலாமென்றால் பெயர் தெரியாது. இத்தனை அத்தியாயத்தில் அவன் அதன் பெயரைக் கேட்டதே இல்லை என்பது எனக்கே அந்த இடத்தில்தான் தெரிந்தது. "வருவீங்களா?" என்று தண்ணீரைப் பார்த்துக் கேட்கிறான். அதோடு நிறுத்திவிட்டேன். பதில் உன் கையில்.

எனக்கும் ஒன்று கேட்க வேண்டும். எங்கள் வீட்டுக்கு வா என்று உன்னைக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. வந்தால் எங்கே உட்கார வைப்பேன் என்று உறுதி சொல்ல முடியாத நிலைமையில்தான் இன்னும் இருக்கிறேன். கதையில் இருமுகிறவர்களை அடக்கிவிட்டேன். வீட்டில் முடியவில்லை. அதனால் மாற்றிக் கேட்கிறேன். நான் உன் வீட்டுக்கு வரட்டுமா? காணும் பொங்கலன்று காலையில் உத்திரமேரூர் போய், காஞ்சிபுரம் பஸ் பிடித்து வந்துவிடுவேன். சேர்ந்து உட்கார்ந்து கடைசி அத்தியாயத்தை முடிக்கலாம். உனக்கு இஷ்டமில்லையென்றால் வேண்டாம் என்று ஒரு கார்டு போடு. கோபித்துக்கொள்ள மாட்டேன். கோபித்துக்கொண்டாலும் உனக்குச் சொல்ல மாட்டேன்.

ஆதி


திருப்புட்குழி
12-1-1980

ஆதி,

வா.

நீ வருவதை அம்மாவிடம் சொன்னேன். "அந்தப் பொண்ணு நம்ம வூட்ல துன்னுமா?" என்று கேட்டார்கள். துன்னும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். என்னைப் பொய்யாக்கிவிடாதே.

ஜெயா


திருப்புலிவனம்
24-1-1980

அன்புள்ள ஜெயா,

கதையை ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பிவிட்டேன். அட்டையில் இரண்டு பேர் பெயரும் இருக்க வேண்டும், உன் பெயர் முதலில் என்று தனியாக ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். உன்னைக் கேட்காமல் செய்ததற்குத் திட்டாதே.

பஸ்ஸில் வரும்போது கடைசி அத்தியாயத்தை மடியில் வைத்துத் திரும்பவும் படித்தேன். கரை உடைந்துகொண்டிருக்கிறது, உன் பூதம் தலையை மட்டும் வெளியே நீட்டி, "இரு, யோசிச்சி சொல்றேன்" என்கிறதே, எனக்கு அந்த இடத்தில் இப்போதும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. அப்புறம் அது கேட்பது இன்னும் அழகு. "நான் வர்றது இருக்கட்டும். நீ இன்னா பண்ணப் போற? கூடை கீதா?" ஊரே கூடை எடுத்துக்கொண்டு வந்து அதோடு வரிசையில் நின்று மண் சுமந்தது உன் அம்மா சொன்ன யோசனை. கிருஷ்ணசாமி சார் நல்ல முடிவு என்று யாரையாவது பாராட்டினால் சிட்டம்மாள் அம்மாவைப் பாராட்டச் சொல்கிறேன். பெயர் கேட்டதற்குப் பூதம் "நாளைக்கி வந்து கேளு" என்று சொல்லிவிட்டுப் போவதை மாற்ற வேண்டாமென்று நீ பிடிவாதம் பிடித்ததும் சரிதான்.

இனி வீட்டு விஷயம். காணும் பொங்கலன்று உன் வீட்டிலிருந்து பொழுது சாயும் நேரத்தில் வந்து சேர்ந்தேன். அம்மா வாசலிலேயே நின்றிருந்தார்கள். சொக்கம்மாள் எப்படியோ செய்தியைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டாள்.

"அவ வூட்டுக்கா போன?"

"ஆமா."

"சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்."

"கெணத்தாண்ட தண்ணி எடுத்து வெச்சிக்கீறேன். தலைக்கு ஊத்திக்கினு உள்ள வா."

"வேணாம்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். வீரம் ஒன்றும் இல்லை. நின்றால் கிணற்றடிக்குப் போய்விடுவேன் என்று பயந்துதான் போனேன். வரதன் அண்ணன் கத்தியதை எழுத வேண்டாம், எழுதினால் உனக்குத்தான் வருத்தம். அம்மா கத்தவில்லை. பேச்சையே நிறுத்திவிட்டார்கள். சோற்றைப் போட்டு வைத்துவிட்டு அந்தப் பக்கம் போய்விடுவார்கள். அண்ணன் கத்தியதைவிட இதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. யாரும் பார்க்காதபோது அழுதேன்.

இன்று காலை அம்மா முற்றத்தில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தார்கள். நானும் போய் எதிரே உட்கார்ந்து உரித்தேன். முறம் பாதி நிறைந்துவிட்டது. பிறகு என் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்கள்.

"அவுங்கம்மா இன்னா கொழம்பு வெச்சாங்க?"

எனக்கு முதலில் காதில் விழுந்தது சரிதானா என்று சந்தேகம்.

"கருவாட்டுக் கொழம்பு. மொச்ச போட்டு."

"கத்திரிக்கா போடலியா?"

"இல்லியாம். சந்தைல நல்ல காயி கெடைக்கலியாம்."

"கத்திரிக்கா இல்லாம இன்னா கருவாட்டுக் கொழம்பு" என்று முனகிக்கொண்டே முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள். அவ்வளவுதான் என்று நினைத்து, தொலியைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"தோட்டத்துல காயி கீது. அடுத்த தபா போம்போது பறிச்சிக்கினு போ."

ஜெயா, அடுத்த தபா என்றார்கள்.

உன்,
ஆதி